டிரங்குப் பெட்டிக்குள் வெளிவராத ஒரு விளையாட்டு

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருடைய தாய்மாமா 1983 முதல் 1987 வரை இலண்டனில், கொமடோர் 64 கணினிக்கு விளையாட்டுகள் எழுதிய ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நிறுவனம் மூடப்பட்டதும் ஊர் திரும்பி, பிறகு துபாயில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது வீட்டோடு இருக்கிறார். அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது 5.25 அங்குலப் பிளாப்பிகள் (கணினித் தகவல் பதியும் பழைய காந்த வட்டுகள்) முப்பது, கேசட்டுகள் நான்கு, சிறு கண்ணாடிச் சாளரம் வைத்த சில்லுகள் பொருத்திய ஒரு சர்க்யூட் போர்டு, பாதி எழுதிய ஒரு நீள நோட்டு ஆகியவை கிடைத்திருக்கின்றன. ஒரு பிளாப்பியின் மேல் ஒட்டியுள்ள பெயர், கடைக்கு வராமலே கைவிடப்பட்ட விளையாட்டின் பெயர் என்று மாமா சொல்கிறார். தம்பியின் நண்பரிடம் பழைய டிரைவ் ஒன்று இருக்கிறது, அதில் போட்டுப் பார்க்கலாமா, இதற்கு ஏதாவது மதிப்பு உண்டா, யாரிடம் கொடுப்பது, சட்டச் சிக்கல் வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: அந்த டிரைவில் எந்தப் பிளாப்பியையும் செருக வேண்டாம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எண்பதுகளின் நடுவில் மத்திய அரசின் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் பிபிசி மைக்ரோ கணினிகள் பல பள்ளிகளுக்கு வந்தன. நம் மாவட்டத்துப் பள்ளியொன்றில் அப்போது படித்த மாணவர்கள் சேர்ந்து, வலை வீசி மீன் பிடிக்கும் சின்ன விளையாட்டு ஒன்றை பேசிக் என்ற கணினி மொழியில் எழுதியிருந்தார்கள். அது பதிவான ஒரே பிளாப்பி பல ஆண்டுகளுக்குப் பின் என் கைக்கு வந்தது. மண்டபம் ஊரில் உள்ள என் வீட்டு மேசையில் வைத்து, உறையின் சாளரத்தில் மங்கலாகத் தெரிந்த வெள்ளைப் படலத்தைத் தூசி என்று நினைத்து, ஆவலில் அப்படியே டிரைவில் போட்டேன். அது தூசி இல்லை, பூஞ்சணம். படிக்கும் முனை அதில் சிக்கி, வட்டின் மேலிருந்த இரும்பு ஆக்சைடுப் பூச்சை ஒரு வளையமாகச் சுரண்டி எடுத்துவிட்டது. சுண்டல் கடைக்காரர் வாணலியைச் சுரண்டுவது போன்ற ஓர் ஓசை கேட்டது. அந்த ஓசை வந்தபோது அந்த விளையாட்டு உலகத்தில் இல்லாமல் போயிருந்தது. அதை எழுதியவர்களில் ஒருவரைப் பிறகு சந்தித்தேன். வலை வீசும் பகுதி நன்றாக வந்திருந்தது என்பது மட்டுமே அவருக்கு நினைவிருந்தது.

மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு விடை, எத்தனை படிகள், அதாவது நகல்கள், இருக்கின்றன என்ற எளிய கணக்கில் இருக்கிறது. கடைக்கு வந்த விளையாட்டுக்கு ஆயிரக்கணக்கில் படிகள் உண்டு, ஒன்று கெட்டால் இன்னொன்று எங்காவது கிடைக்கும். அப்படியிருந்தும், அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விலைக்குக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. வெளிவந்தவற்றின் கதியே இதுவென்றால், வெளிவராதவை அந்தக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. அவற்றுக்கு ஒன்றோ இரண்டோ படிகள்தான் இருக்கும், அந்தப் படிகளும் எழுதியவர்களின் வீட்டுப் பரணிலும் பீரோவிலும் டிரங்குப் பெட்டியிலும்தான் இருக்கும். இங்கே காப்பகம் என்பது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வீடுதான்.

இதற்கு நல்ல சாட்சி சிம்ரிஃபைனரி. சிம்சிட்டியை உருவாக்கிய மேக்சிஸ் நிறுவனம், செவ்ரான் எண்ணெய் நிறுவனத்துக்காகத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செய்த சுத்திகரிப்பு ஆலைப் பாவனை விளையாட்டு அது. பொதுமக்களுக்கு விற்கப்படவே இல்லை, பல ஆண்டுகள் பெயரளவில்தான் அறியப்பட்டிருந்தது. 2020-இல் அதன் வரலாற்றை ஒருவர் விரிவாக எழுதி வெளியிட, சில வாரங்களுக்குள் ஒரு வாசகர் வழியாக ஒரு பிளாப்பி வெளிப்பட்டு இணைய ஆவணக் காப்பகத்தில் ஏறியது. அதே 2020-இல் இன்னொன்றும் நடந்தது. டேஸ் ஆஃப் தண்டர் திரைப்படத்தை ஒட்டி நின்டென்டோ நிறுவனத்தின் என்இஎஸ் என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்குக் கிறிஸ் ஓபர்த் என்ற நிரலாளர் எழுதிய விளையாட்டு கைவிடப்பட்டு, அதே பெயரில் வேறொருவர் செய்த விளையாட்டுதான் கடைக்கு வந்திருந்தது. ஓபர்த் 2012-இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற பழைய வட்டுகளில் இருந்த மூல நிரலை எடுத்து, குடும்பத்தின் ஒப்புதலோடு அந்த விளையாட்டை மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு கதைகளிலும் பொருளை வைத்திருந்தது பெரிய நிறுவனங்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

நிறுவனமே காத்து வைத்திருந்த விதிவிலக்கும் உண்டு. ஸ்டார் ஃபாக்ஸ் 2 என்ற விளையாட்டு 1995 அளவில் ஏறக்குறைய முழுமையாக முடிந்திருந்தும், புதிய தலைமுறைக் கருவிகளின் முப்பரிமாணப் படங்களுக்கு முன்னால் எடுபடாது என்று கருதி நின்டென்டோ அதை நிறுத்தி வைத்தது. 22 ஆண்டுகள் கழித்து, 2017-இல், அதே நிறுவனம் அதை முறைப்படி வெளியிட்டது. ஆனால் உங்கள் மாமா வேலை பார்த்தது போன்ற, வாடகை அறையில் நாலைந்து பேர் வைத்து நடத்திய சிறு நிறுவனங்களுக்குக் காப்பறை ஏது? கடன்காரர் வந்து மேசை நாற்காலியை எடுத்துக்கொண்டு போகும் நாளில் பிளாப்பிகள் குப்பைத் தொட்டிக்குப் போகும், அல்லது ஊழியர் ஒருவரின் பைக்குள் போகும். உங்கள் மாமாவின் பை கப்பலோ விமானமோ ஏறிக் கீழக்கரை வரை வந்திருக்கிறது.

பொருளே கிடைக்காமல் பெயர் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பது தமிழருக்குத் தெரியாத செய்தி அன்று. வளையாபதி என்ற காப்பியம் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. நமக்குக் கிடைத்திருப்பதோ, பிற நூல்களும் உரையாசிரியர்களும் எடுத்துக் காட்டியதால் தப்பிய எழுபத்துச் சொச்சம் பாடல்கள் மட்டுமே. கதை என்ன என்பதைக்கூட உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. லிவர்பூலில் இருந்த இமேஜின் சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தின் சைக்ளாப்ஸ், பேண்டர்ஸ்னாட்ச் ஆகிய இரண்டு விளையாட்டுகளின் நிலையும் இதற்கு அருகில்தான் வருகிறது. கூடுதல் வன்பொருளோடு, வழக்கத்தைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கப் போவதாகப் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்துவிட்டு, 1984 ஜூலையில் அந்த நிறுவனம் திவாலாயிற்று. பிபிசியின் படப்பிடிப்புக் குழு அந்நேரம் அங்கே இருந்ததால் வீழ்ச்சி படமாகப் பதிவானது. பேண்டர்ஸ்னாட்சின் சரக்கு பின்னர் பிரடாக்கஸ் என்ற வேறொரு விளையாட்டாக உருமாறி வந்தது. சைக்ளாப்ஸ் விளம்பரத்தைத் தாண்டிப் பெரிதாக வளரவே இல்லை. அக்காலப் பத்திரிகைகளின் முன்னோட்டக் கட்டுரைகள்தாம் இத்தகைய விளையாட்டுகளுக்கு உரையாசிரியர்களாக நின்று, மேற்கோளை மட்டும் நமக்குத் தந்திருக்கின்றன. உங்களிடம் மேற்கோள் இல்லை, ஏடே இருக்கலாம்.

ஏட்டைத் தொடுவதற்கு முன் மாமாவிடம் உட்காருங்கள். பெட்டியில் உள்ள எல்லாவற்றையும்விட விரைவில் இழக்கக்கூடிய ஆவணம் அவருடைய நினைவுதான் என்பதோடு, இந்த இயந்திரத்துக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. கொமடோர் 64 கணினியோடு பயன்பட்ட 1541 என்ற பிளாப்பி டிரைவ் கோப்புகளுக்குத் தேதி பதிவதில்லை. பிளாப்பியை எவ்வளவு நுணுக்கமாகப் படித்தாலும், இந்தக் கோப்பு 1985-இல் எழுதியதா 1987-இல் எழுதியதா என்று வட்டு சொல்லாது. ஆகவே கால வரிசை முழுவதும் மேலொட்டிய சீட்டுகள், அந்த நீள நோட்டு, சம்பளச் சீட்டு, கடிதங்கள், மாமாவின் பேச்சு ஆகியவற்றைத்தான் சார்ந்திருக்கிறது. நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, நேர் வெளிச்சத்தில் படம் எடுத்துவிடுங்கள்.

பேசும்போது “விளையாட்டை ஏன் நிறுத்தினார்கள்” என்று தொடங்காதீர்கள். நாற்பது ஆண்டுகளாக மனத்தில் உருட்டி வழவழப்பாகிப்போன ஒரு விடைதான் அதற்குக் கிடைக்கும். காலையில் எத்தனை மணிக்குப் போவீர்கள், எந்த இயந்திரத்தில் நிரல் எழுதினீர்கள், படம் வரைந்தவர் யார், இசை யாருடையது, சம்பளம் முதன்முதலில் எந்த மாதம் தாமதமானது, கடைசி நாளில் யார் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று கேளுங்கள். நிறுத்திய காரணம் இந்தச் சில்லறைச் செய்திகளுக்கு இடையிலிருந்து தானே வெளியே வரும். அவர் ஊர்ப் பேச்சில் சொல்வதை ஊர்ப் பேச்சிலேயே பதிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் மனிதர் அலுவலகக் கடிதம் போலப் பேசத் தொடங்கிவிடுவார். நினைவு பிழைபடும் என்பதும் உண்மைதான், ஆனால் பிழையைத் திருத்துவது பின்னால் நோட்டை வைத்துச் செய்ய வேண்டிய வேலை, பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கிட்டுச் செய்ய வேண்டியது அன்று.

அடுத்து, பொருள்களின் பாதுகாப்பு. பாம்பன் பாலத்தின் இரும்பை என்ன பாடு படுத்தியதென்று நாம் அறிந்த அதே உவர்க்காற்றுதான் உங்கள் வீட்டு ஜன்னல் வழியாகவும் வருகிறது. அதன் உப்பு சர்க்யூட் போர்டின் செம்பையும் சில்லுகளின் கால்களையும் அரிக்கும். வாடைக்காலத்து ஈரம் பிளாப்பியில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். தகர டிரங்குப் பெட்டி வெயிலில் சுட்டு இரவில் வியர்க்கும், ஆகையால் அதை விட்டு எடுத்துவிடுவது நல்லது. எடுப்பதற்கு முன், எது எதன் மேல் இருந்தது என்று தெரியும்படி படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைப் பொருளின் மேல் எழுதாமல் அதைப் போடும் காகித உறையின் மேல் எழுதுங்கள். பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் பிளாப்பிகளை நிறுத்திய வாக்கில் வைத்து, சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறையில், ஒலிபெருக்கி, கிரைண்டர் போன்ற காந்தமும் மோட்டாரும் உள்ளவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். குளிர்ச்சி நல்லது என்று யாராவது சொல்லி ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள், வெளியே எடுத்த நிமிடமே மேலே நீர் கோத்துக்கொள்ளும்.

கண்ணாடிச் சாளரம் வைத்த சில்லுகள் இபிராம் எனப்படும் நினைவகச் சில்லுகள். அவற்றில் தகவல் மின்னூட்டமாகத் தேங்கி நிற்கிறது, அந்தச் சாளரத்தின் வழியே புற ஊதாக் கதிர் பாய்ச்சினால் அழிந்து வெற்றுச் சில்லாகிவிடும். நேர் வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் போதும், குழல் விளக்கொளியில் மூன்று ஆண்டு போதும் என்பது அவற்றைத் தயாரித்தவர்களே தந்த கணக்கு. சாளரத்தின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு அழகுக்கானது இல்லை, கதிரைத் தடுக்க ஒட்டியது. அதைப் பிய்க்க வேண்டாம். உதிர்ந்திருந்தால் ஒளி புகாத நாடா ஒன்றை மேலே ஒட்டுங்கள். எதுவும் செய்யாமல் இருட்டில் வைத்தாலும் மின்னூட்டம் பல பத்தாண்டுகளில் மெல்லக் கசிந்து, சுழியம் ஒன்றாகப் படிக்கப்படும். எனவே இந்தப் போர்டுதான் அவசரமானது. இதைப் படிக்கும் சிறு கருவி விலை அதிகமில்லை, என்னிடமும் ஒன்று இருக்கிறது.

பிளாப்பிகளுக்கு வருவோம். இதில் இரண்டு விதமாகப் படி எடுக்கலாம். ஒன்று, கோப்புகளைப் பெயர் சொல்லி எடுத்து வைப்பது. மற்றது, வட்டின் மேல் காந்தத் திசை எந்தெந்த நொடிப்பகுதியில் மாறுகிறது என்பதையே தடம் தடமாகப் பதிந்துகொள்வது. கிரையோஃபிளக்ஸ், கிரீஸ்வீசில் போன்ற சிறு பலகைகள் பழைய டிரைவுக்கும் இன்றைய கணினிக்கும் நடுவில் அமர்ந்து இந்த இரண்டாவது வேலையைச் செய்கின்றன. வெளிவராத விளையாட்டுக்கு இரண்டாவது வழியே வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். 1541-இல் ஒரு கோப்பை அழித்தால் அட்டவணையில் அதன் குறி மட்டும்தான் மாறும், எழுத்து அப்படியே கிடக்கும், மேலே வேறு எதையாவது எழுதும் வரை. ஒரு பக்கத்தில் 170 கிலோபைட்டு அளவே கொள்ளும் வட்டில், இடம் போதாமல் அழித்து அழித்து எழுதிய நிரலாளரின் பழைய மூல நிரல், கைவிட்ட கட்டங்கள், வேறு விளையாட்டின் படத் துணுக்குகள் எல்லாம் அந்த அழிந்த இடங்களில் ஒளிந்திருக்கும். கோப்பு வழி படி எடுப்பவர் இவற்றைக் காண மாட்டார். அக்காலத்தில் காசை மிச்சப்படுத்த உறையில் ஒரு வெட்டு வெட்டிப் பிளாப்பியைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலும் எழுதுவார்கள். இந்தப் பலகைகளோடு இணைக்கும் சாதாரணப் பிசி டிரைவ்கள் அந்த மறுபக்கத்தைப் படிக்கத் திணறும் என்பதால், இரு பக்கமும் எடுக்கப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

பூஞ்சணம் தெரிந்தால் உறையின் ஓரத்தை வெட்டி வட்டை வெளியே எடுத்து, காய்ச்சி வடித்த நீராலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலாலும் துடைக்கும் முறை ஒன்று உண்டு. பழகாத கையால் செய்ய வேண்டாம். சில வட்டுகளின் பூச்சு ஆல்கஹாலிலேயே கரைந்து வரும்.

கேசட்டுகள் எளிது. அக்காலத்தில் நிரலைக் கேசட்டிலும் ஒலியாகப் பதிந்து வைப்பார்கள். தலை துடைத்த நல்ல பிளேயரில் ஒரு முறை முழுக்கச் சுற்றிவிட்டு, இரைச்சல் குறைக்கும் பொத்தான் எதையும் போடாமல், சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதிந்துகொள்ளுங்கள். எம்பி3 வேண்டாம், காதுக்கு வேண்டாதது என்று அது தள்ளிவிடுவதில் நிரலுக்கு வேண்டியது போய்விடும். வீட்டில் நாகூர் ஹனீபா கேசட்டுகளோடு கலந்து கிடக்கும் பெயரெழுதாத கேசட்டுகளையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பாட்டுக்கு நடுவே பல்லைக் கூசவைக்கும் கிரீச்சொலி வந்தால் அது கெட்ட கேசட் இல்லை, நிரல்.

எடுத்த படிகளுக்குச் சரிபார்ப்பு எண் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிக் காட்டும் எண்) கணக்கிட்டு, அதையும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி, மூன்று இடங்களில் வையுங்கள். அவற்றில் ஒன்றாவது கடற்கரையை விட்டு வெளியே, மதுரைப் பக்கம் உறவினர் வீட்டிலாவது இருக்க வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்கு நேர்ந்ததைக் கேட்டு வளர்ந்த நம்மிடம் இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. விளையாட்டை ஓட்டிப் பார்க்கும் ஆசையை அந்தப் படியைக் கொண்டு, கொமடோர் 64 போலவே நடந்துகொள்ளும் வைஸ் என்ற இலவச மென்பொருளில் தீர்த்துக்கொள்ளலாம். மூலப் பிளாப்பி அதற்குப் பிறகு டப்பாவை விட்டு வெளியே வர வேண்டியதே இல்லை.

சட்டத்தைப் பற்றி, வழக்கறிஞர் அல்லாத ஒருவனாக, எனக்குத் தெளிவாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஊழியராக எழுதிய நிரலின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்கே உரியது. இங்கிலாந்துச் சட்டமும் நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இதில் ஒத்துப்போகின்றன. இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் கலைக்கப்பட்டால், அதனிடம் எஞ்சியிருந்த உரிமைகள் உரிமையாளரற்ற சொத்தாக அரசுக்குப் போய்ச் சேரும். ஆக, நிறுவனம் செத்துவிட்டதால் உரிமையும் செத்துவிட்டது என்று எண்ணக்கூடாது. நம் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நிரலின் படியை முறையாக வைத்திருப்பவர் அது அழியாதிருக்கக் காப்புப் படி எடுக்க இடம் தருகிறது. பொது நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ உள்ள வெளிவராத படைப்பை ஆய்வுக்காகப் படி எடுக்கவும் அதே பிரிவில் இடம் உண்டு, ஆனால் ஆசிரியர் இன்னார் என்று தெரிந்திருந்தால் அவர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். அத்தனை ஆண்டு எந்தப் பிளாப்பியும் காத்திருக்காது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும். என் கருத்து, காப்பதற்காக இன்றே படி எடுங்கள், பொதுவெளியில் ஏற்றுவதைப் பிறகு, மாமாவின் சம்மதத்தோடும் ஒரு நிறுவனத்தின் துணையோடும் முடிவு செய்யுங்கள் என்பதே.

அந்த நிறுவனம் எது என்றால், விளையாட்டு பிரிட்டனில் பிறந்தது என்பதால் கேம்பிரிட்ஜில் உள்ள கணினி வரலாற்று மையத்தை முதலில் அணுகச் சொல்வேன். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்தின் ஸ்ட்ராங் அருங்காட்சியகமும் நான் முன்பு சொன்ன வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனும் இத்தகையவற்றைக் காப்பவை. ஸ்ட்ராங் அருங்காட்சியகம், பின்னாளில் ஐடி சாஃப்ட்வேர் என்ற விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் நின்டென்டோவின் சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3 விளையாட்டைக் கணினியில் ஓட்டிக் காட்டிய மாதிரி வட்டை 2021-இல் பெற்று வைத்திருக்கிறது, நின்டென்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் வெளிவராமல் போன முயற்சி அது. இதற்கிடையே பணம் தருகிறேன் என்று சேகரிப்பாளர்கள் வரக்கூடும். விற்பது தவறு என்று சொல்லமாட்டேன், மாமாவுக்கு அவர் வேலை பார்த்த நிறுவனம் கடைசி மாதங்களின் சம்பளம் தரவே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் படி எடுத்து ஓரிடத்தில் சேர்ப்பதற்கு முன் விற்காதீர்கள். ஒரே படியை அலமாரியில் பூட்டி வைத்திருப்பதில்தான் அதன் விலை இருக்கிறது என்று நம்பும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

மதர் என்ற நின்டென்டோ விளையாட்டின் ஆங்கிலப் பதிப்பு 1990-இல் தயாராகியும் வெளியிடப்படாமல் நின்றது. தொண்ணூறுகளின் இறுதியில் அதன் மாதிரி கார்ட்ரிஜ் (கருவியில் செருகும் விளையாட்டுப் பெட்டி) ஒன்று தனியார் கைக்கு வந்தபோது, ரசிகர்கள் பணம் திரட்டிக் கொடுத்துப் படி எடுக்க வைத்தார்கள். முறையான வெளியீடு 2015-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகள் முழுவதும் உலகம் அந்த ஆங்கிலப் பதிப்பை அறிந்தது அந்தப் படியால்தான்.

ஒன்றை மட்டும் எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். முப்பது பிளாப்பிகளில் முழு விளையாட்டு இல்லாமல் போகலாம். ஒரு பொம்மை இடமிருந்து வலமாக நடந்து திரையின் ஓரத்தில் நின்றுவிடும் பத்து நொடி மட்டும் கிடைக்கலாம். இரண்டு மூன்று பிளாப்பிகளில் ஒரே பெயரில் சிறிது சிறிது மாறுபட்ட நிரல்கள் இருந்தால், அவற்றில் சிறந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடாமல், சுவடிப் பதிப்பாசிரியர்கள் பாடபேதம் குறித்தது போல எல்லாவற்றையும் தனித்தனியே காக்க வேண்டும். யாராவது ஆர்வலர் விட்ட இடத்திலிருந்து எழுதி முடித்துத் தருகிறேன் என்றால் தாராளமாகச் செய்யட்டும், அது வேறு கோப்பாக, வேறு பெயரோடு இருக்கட்டும்.

ஐப்பசி பிறந்து வாடை தொடங்குவதற்கு முன், போர்டையும் சீட்டு ஒட்டிய அந்தப் பிளாப்பியையும் மட்டும் எடுத்துக்கொண்டு, முடிந்தால் மாமாவையும் அழைத்துக்கொண்டு, மண்டபத்துக்கு ஒரு நாள் வாருங்கள். பேருந்தில் வருவதானால் டப்பாவை என்ஜின் பக்கத்திலோ கால்மாட்டிலோ வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும், அதன் படங்களைக் கொண்டு வந்தால் போதும்.